கழுவப்படாத பாதங்கள்: கோயிலில் கூடும் ஆண்களும் ஆண்மை பற்றிய பேச்சும்



நாம் 'வாத்தியார்' என்று மட்டுமே அழைத்துப் பழகிய ஒருவரின் நினைவாக இன்று கிளியனூரில் கூடியிருக்கிறோம். இந்தப் பக்கத்துச் சேரிகளில் அவர் உபதேசியாராக இருந்தார். எந்த விளக்கொளியில் மந்திரம் சொல்லிக்கொடுத்தாரோ அதே விளக்கொளியில் மனு எழுதவும் சொல்லிக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை செபம் முடிந்ததும் ஆண்களை மட்டும் சிற்றாலயத்துத் திண்ணையில் உட்காரவைத்துப் பேசுவது அவர் வழக்கம். பதின்மூன்று பதினான்கு வயதில் நானும் ஓரமாக உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

ஒருநாள் அவர் கேட்டார்: "ஏம்பா, ஊருக்குள்ள போறப்ப ஒரு பொடிப்பையன் உன்னை 'டேய்'னு கூப்பிட்டா உனக்கு எப்படி இருக்கு?" ஆளாளுக்குக் கொதித்துப் பேசினார்கள். எல்லாரும் பேசி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு அடுத்ததைக் கேட்டார்: "சரி, வூட்ல உன் பொண்டாட்டிய நீ எப்படிக் கூப்பிடற?" ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் அப்பா பீடி பற்றவைப்பதுபோல எழுந்து வெளியே போய்விட்டார்.

அந்த இரண்டு கேள்விகளுக்கும் இடையில் என்ன உறவு இருக்கிறது என்பதுதான் இன்றைய என் பேச்சு. கோயிலில் ஆண்கள் கூடி விசுவாசத்தையும் ஆண்மையையும் பற்றிப் பேசுவது இன்று உலகமெங்கும் நடக்கிறது. ஒரு தலித் கிறிஸ்தவ ஆண் அந்தக் கூட்டத்தில் போய் உட்காரும்போது என்ன நடக்கிறது, என்ன நடக்க வேண்டும் என்று விளக்க முயல்கிறேன்.

ஆண்கள் கூடும் இடங்கள்

தென்னிந்தியத் திருச்சபையில் பெண்கள் ஐக்கிய சங்கம் இருப்பதுபோல ஆண்கள் ஐக்கிய சங்கமும் உண்டு. கத்தோலிக்கப் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபை உண்டு. 1833இல் பாரிசில் பிரெடெரிக் ஓசானாம் என்ற மாணவரும் அவர் நண்பர்களும் ஏழைகளுக்கு உதவத் தொடங்கிய சபை அது. இவை பெயர்ப் பலகை உள்ள அமைப்புகள். பெயர்ப் பலகை இல்லாமலும் ஆண்கள் கூடுகிறார்கள். திருவிழாக் கமிட்டி, தேர் தூக்கும் குழு, கல்லறைத் தகராறு வந்தால் கூடும் பஞ்சாயத்து எல்லாமே ஆண்களின் கூட்டங்கள்தாம். அங்கே 'ஆண்மை' என்ற சொல் வெளியில் வராது. ஆனால் அங்கே தீர்மானிக்கப்படுவது பெரும்பாலும் அதுதான்.

'கிறிஸ்தவ ஆண்மை' என்பதையே தலைப்பாக வைத்துப் பேசும் இயக்கம் அமெரிக்காவில் பெரிதாக வளர்ந்தது. 1990இல் பில் மெக்கார்ட்னி என்ற கால்பந்துப் பயிற்சியாளர் 'பிராமிஸ் கீப்பர்ஸ்', அதாவது வாக்குக் காப்போர், என்ற அமைப்பைத் தொடங்கினார். 1997 அக்டோபர் 4இல் வாஷிங்டனில் இலட்சக்கணக்கான ஆண்கள் திரண்டு மண்டியிட்டு அழுதார்கள். குடிக்காதே, மனைவிக்கு உண்மையாயிரு, பிள்ளைகளோடு நேரம் செலவிடு என்று அங்கே சொன்னதில் யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது. ஆனால் அதோடு இன்னொன்றும் சேர்ந்தே வந்தது. குடும்பத்தின் தலைமைப் பொறுப்பை ஆண் மீண்டும் கையில் எடுக்க வேண்டும் என்றார்கள். தலைவன் அன்பாகத் தலைமை தாங்கட்டும், பணிவிடை செய்கிற தலைவனாக இருக்கட்டும். ஆனாலும் தலைவன் அவனே. இந்தப் போதனை நம் ஊர் நற்செய்திக் கூட்டங்களிலும் குடும்ப ஆசீர்வாதக் கூட்டங்களிலும் இன்று சாதாரணமாகக் காதில் விழுகிறது.

'உன் தலைமையைக் கொஞ்சம் இறக்கி வை, பணிவாயிரு' என்று சொன்னால் அதிகாரத்தில் இருப்பவனுக்கு அது திருத்தம். ஊரில் தலை நிமிர்ந்து நடக்கவே விடாமல் வைக்கப்பட்டவனிடம் அதைச் சொன்னால் என்ன பொருள்? அவனிடம் 'நீ தலைவன்' என்று சொன்னால் அந்தத் தலைமையை அவன் எங்கே போய்ச் செலுத்துவான்? ஊரில் முடியாது. கோயில் கமிட்டியில் முடியாது. வீடு ஒன்றுதான் மிச்சம்.

சுவரும் பெயரும்

கிறிஸ்தவம் தலித் ஆணுக்கு எதுவுமே தரவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1876–78 தாது வருடப் பஞ்சத்தையொட்டித் தென்னார்க்காட்டிலும் வடார்க்காட்டிலும் சேரி சேரியாக மக்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். கஞ்சிக்காக மாறினார்கள் என்று இன்றும் ஏளனம் செய்வோர் உண்டு. கஞ்சி தேவைப்பட்டது உண்மைதான். கூடவே பதிவேட்டில் முழுப் பெயர் எழுதப்பட்டது, பள்ளிக்கூடம் வந்தது, சாமி முன்னால் போய் நிற்க இடம் கிடைத்தது. 'ஆள்' என்று எண்ணப்பட்டவன் பெயர் சொல்லி அழைக்கப்பட்டான். அது சின்ன விஷயமல்ல.

ஆனால் சுவரும் கூடவே இருந்தது. இங்கிருந்து சற்றுத் தொலைவில்தான் புதுச்சேரி. அங்குள்ள சம்பாக் கோயிலுக்குள் பறையர் கிறிஸ்தவர்களைப் பிரித்து நின்ற சுவரைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் 1745ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். ஒடுக்கப்பட்டவர்கள் குருக்களிடம் போய் நியாயம் கேட்டார்கள், சுவர் விழுந்தது, சாதிக் கிறிஸ்தவர்கள் எதிர்த்தார்கள். தெற்கே வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயில், இரு சாராரும் ஒருவரையொருவர் பார்க்காமல் பூசை காணும்படி இரண்டு கால்களாகப் பிரிந்து நின்றது. 'கால்சட்டைக் கோயில்' என்றே அதற்குப் பெயர் வந்தது. அதன் தடுப்பு இடிபட 1910வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அரசாங்கமும் தன் பங்குக்கு ஒரு சுவர் எழுப்பியது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி என்ற தகுதியை இந்துக்களுக்கு மட்டும் உரியதாக்கியது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது விரிவாக்கப்பட்டது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் இல்லை. அவர்களுக்கும் தர வேண்டும் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. 2022இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைந்தது. விளைவாக, ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர், சாதிச் சான்றிதழில் வேறு பெயர் என்று வாழும் ஆண்கள் நம் தெருக்களில் ஏராளம். தன் பெயரையே ஓர் அலுவலகத்தில் மறைத்து இன்னோர் இடத்தில் காட்டி வாழ்வது ஒருவனுக்குள் என்ன செய்யும்? ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' (2002) என்ற தன்வரலாற்று நாவலை மாணவர்கள் இந்தக் கேள்வியோடு படிக்க வேண்டும். ஒரு தலித் கிறிஸ்தவப் பையன் ஆணாக வளர்வதன் வலியையும் கேலியையும் அவ்வளவு நேர்மையாகச் சொன்ன நூல்கள் தமிழில் குறைவு.

எறையூரில் ஆண்கள் எதற்காக நின்றார்கள்

நம் பழைய விழுப்புரம் மாவட்டத்தில், உளுந்தூர்பேட்டைக்கு அருகே எறையூர். அங்கே வன்னியர் கிறிஸ்தவர்களும் தலித் கிறிஸ்தவர்களும் ஒரே பங்கு. கோயிலில் தனி இடம், தனிக் கல்லறை, சவ ஊர்வலமும் மண ஊர்வலமும் முதன்மைத் தெரு வழியாகக் கோயிலுக்கு வரத் தடை என்பவை தலித்துகளின் நெடுநாள் புகார்கள். கடைசியில் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டுப் போராடினார்கள். 2008 மார்ச் 9இல் அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன, போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. அதில் இறந்த இருவரும் வன்னியர் கிறிஸ்தவர்கள். தவக்காலத்தில் நடந்தது இது. இரு தரப்பும் அதே சிலுவையின் முன் மண்டியிடுகிறவர்கள்.

எறையூரைச் சாதிப் பிரச்சினை என்று மட்டும் படித்தால் பாதிதான் தெரியும். சவத்தை எந்த வழியாகக் கொண்டுபோவது, யார் தோளில் தேர் ஏறுவது, எந்தத் தெருவுக்குள் யார் நடப்பது என்பவற்றில் மோதுகிறவர்கள் ஆண்கள். ஆதிக்கச் சாதி ஆணுக்குத் தெருவைக் காப்பது ஆண்மையின் அடையாளம். அந்தத் தெருவுக்குள் தலித்தின் பிணம்கூட வந்துவிட்டால் தன் மீசை போய்விட்டதாக அவன் நினைக்கிறான். தலித் தரப்பு கேட்டது வேறு. செத்த உடலுக்கு ஒரு வழி கேட்டார்கள். அது மானத்துக்கான கோரிக்கை. மானம் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானது. அது கிடைப்பதற்கு வேறொருவர் கீழே இருக்க வேண்டியதில்லை. ஆண்மை அப்படிப்பட்டதல்ல, அதற்குக் கீழே ஒருவர் இருந்தே ஆக வேண்டும். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றது தானாக விளங்கும்.

பெண் விடுதலைக்கு 'ஆண்மை' என்ற கருத்தே அழிய வேண்டும் என்று பெரியார் எழுதி ஒரு நூற்றாண்டு நெருங்குகிறது. அதைச் சாதி ஒழிப்புக்கும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும்.

ஜீன்ஸ் மீதான குற்றச்சாட்டு

2012 நவம்பர் 7இல் தருமபுரி நத்தம் காலனி உள்ளிட்ட மூன்று தலித் குடியிருப்புகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, பல எரிக்கப்பட்டன. காரணமாகக் காட்டப்பட்டது ஒரு காதல் திருமணம். அதையொட்டிய மாதங்களில், தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-சர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுப் பிற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் பேசினார். 'நாடகக் காதல்' என்ற சொல் பரவியது. 2013 ஏப்ரல் 25இல், மாமல்லபுரம் சித்திரை முழுநிலவு விழாவுக்குக் கூட்டம் போன வழியில், நம் மரக்காணத்தில் தலித் வீடுகள் எரிந்தன. அதே ஆண்டு ஜூலை 4இல் இளவரசன் தண்டவாளத்தருகே பிணமாகக் கிடந்தார்.

இதில் நமக்குள்ள பாடம் என்ன? ஒரு தலித் ஆண் தலையைக் குனிந்தால் அவன் 'ஆம்பளையே இல்லை'. நிமிர்ந்து நல்ல சட்டை போட்டால் அவன் 'ஆபத்தான ஆம்பளை'. இரண்டு பக்கமும் அடி. இதற்குப் பதிலாக நம் இளைஞர்களில் சிலர் அதே மொழியைக் கையிலெடுக்கிறார்கள். பைக்கில் மீசை முறுக்கிய படம், அரிவாள் வசனம், 'எங்க பொண்ணைத் தொட்டா' என்று தொடங்கும் மிரட்டல். ஊரின் ஆண்மையை நகலெடுத்துச் சேரியில் ஒட்டினால் நமக்குக் கிடைப்பது இன்னொரு ஊர்தான். அந்த மிரட்டலில் 'எங்க பொண்ணு' சொத்தாகவே இருக்கிறாள். அவள் யாரை விரும்புகிறாள் என்று யாரும் கேட்பதில்லை.

வீட்டுக்குள் விழும் அடி

2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். எல்லாச் சாதியும் எல்லா மதமும் இதில் அடக்கம். குடித்து அடிப்பவன் சேரி ஆண் மட்டும்தான் என்று மேல்சாதிகள் சொல்லிக்கொள்ளும் கதையை இந்த எண் உடைக்கிறது. ஆனால் அந்தக் கதை பொய் என்பதற்காக நம் வீட்டு அடி இல்லாமல் போய்விடாது. பாமா 'சங்கதி'யில் (1994) வயலில் பட்ட அவமானத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து பெண்ணின் முதுகில் இறக்கும் ஆண்களைப் பற்றி எழுதினார். அப்போது 'நம்ம வீட்டு அழுக்கை வெளியில் கொட்டுகிறார்' என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. நம்மில் சிலரும் முணுமுணுத்தோம்.

உப்பளத்தில் பாருங்கள். பாத்தியில் உப்பை வாரிக் கூட்டுவதில் ஆண் நிற்கிறான் என்றால், கூடையில் அள்ளித் தலையில் சுமந்து கரையேற்றுவதில் பெண் நிற்கிறாள். ஒரே வெயில், ஒரே உப்புத் தண்ணீர், ஒரே வெடித்த பாதம். கூலி ஒன்றல்ல. வீடு திரும்பியபின் வேலையும் ஒன்றல்ல. அவள் தண்ணீர் பிடிக்கவும் அடுப்பு மூட்டவும் போகிறாள். அவன் சாராயத்துக்குப் போகிறான். 2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அடுத்த ஆண்டு கள்ளக்குறிச்சியில் அறுபதைத் தாண்டியது. செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். பிழைத்து நின்று கடனையும் பிள்ளைகளையும் சுமப்பவர்கள் பெண்கள். 'நம்ம கஷ்டத்துக்கு ஆம்பளைக்கு ஒரு கிளாஸ் வேணும்' என்ற நம் பேச்சுக்கு இதுதான் கணக்கு.

1942 ஜூலையில் நாக்பூரில் கூடிய ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில் அம்பேத்கர் பேசினார். ஒரு சமூகத்தின் முன்னேற்றத்தை அதன் பெண்கள் அடைந்த முன்னேற்றத்தைக் கொண்டே அளப்பதாகச் சொன்னார். மனைவி கணவனுக்கு அடிமையாக அல்லாமல் நிகரான தோழியாக நிற்க வேண்டும் என்றார். இந்து சட்டத் தொகுப்பு மசோதா கைவிடப்பட்டதை முக்கியக் காரணமாக்கி 1951இல் அமைச்சர் பதவியை உதறினார். அவர் படத்தைத் தெருமுனையில் மாட்டிவிட்டு வீட்டுக்குள் மனுவின் சட்டத்தை நடத்த முடியாது.

ஆண்கள் கூட்டம் எதைப் பேச வேண்டும்

கூட்டங்களைக் கலைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம் ஆண்கள் சாராயக்கடைக்கு வெளியே, சண்டைக்கு வெளியே, தங்கள் வாழ்வைப் பற்றிப் பேச வேறு இடமும் அதிகம் இல்லை. அதில் எதைப் பேசுவது என்பதுதான் கேள்வி. விவிலியத்திலிருந்தே இரண்டு எடுத்துக்காட்டுகள் தருகிறேன்.

முதலாவது, சூசையப்பர். திருத்தந்தை பிரான்சிஸ் 2020 டிசம்பர் 8 முதல் ஓராண்டைச் சூசையப்பர் ஆண்டாக அறிவித்தபோது பல பங்குகளில் தந்தையருக்கான கூட்டங்கள் நடந்தன. உழைப்பாளி, அமைதியானவர், குடும்பத்தைக் காத்தவர் என்று பிரசங்கம் செய்தார்கள். நான்கு நற்செய்திகளிலும் சூசை ஒரு வார்த்தைகூடப் பேசியதாக இல்லை. அவர் செய்த முதல் காரியத்தைக் கவனியுங்கள். தனக்கு நிச்சயித்த பெண் கருவுற்றிருக்கிறாள், பிள்ளை தன்னுடையதல்ல. அன்றைய சட்டம் அவர் கையில் கல்லைக் கொடுக்கிறது. அவர் அவளைச் சந்தியில் நிறுத்தவில்லை. குடும்ப மானம் என்று சொல்லி மகளைக் கொல்லும் நாட்டில், இதைவிடக் கூர்மையான பாடம் ஆண்களுக்கு எது? ஆனால் எத்தனை கூட்டங்களில் இது பேசப்பட்டது?

இரண்டாவது, பெரிய வியாழன். இயேசு மேலாடையைக் கழற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் பாதம் கழுவினார். அது அடிமையின் வேலை. அதனால்தான் பேதுரு பதறினார். இன்று குரு பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுகிறார். நான் வளர்ந்த காலத்தில் பெரிய திருநாள்களுக்கு நாங்கள் போன பங்கின் பெயர் வேண்டாம். அந்தப் பன்னிரண்டு பேரில் எங்கள் தெருவிலிருந்து ஒருவர்கூட இருந்ததை நான் பார்த்ததில்லை. உப்பளத்தார் பாதம் சிதையில்கூட முழுதாக வேகாது என்பார்கள். அத்தனை இறுகிய என் அப்பாவின் பாதம் சபை முன்னால் நீட்டப்பட்டதே இல்லை. பெண்களின் பாதமோ, எந்தச் சாதியானாலும், சட்டப்படியே அங்கே இடம்பெற முடியாது. 2016 ஜனவரியில்தான் வத்திக்கான் அந்த விதியை மாற்றிப் பெண்களையும் சேர்க்க வழி செய்தது.

ஆக, அந்தச் சடங்கிலிருந்து இரண்டு சாரார் வெளியே நின்றார்கள்: தலித் ஆண், எல்லாப் பெண்களும். வெளியே நின்ற இருவரில் ஒருவர் மற்றவரைக் கூட்டாளியாகப் பார்த்திருக்க வேண்டும்.

வாத்தியார் அதைப் பார்த்தார். ஒரு பெரிய வியாழன் இரவு எங்கள் தெருச் சிற்றாலயத்தில் ஓர் அலுமினியச் சட்டியையும் துண்டையும் கொண்டுவந்து வைத்து, உப்பள வேலைக்காரர்களை உட்காரச் சொல்லித் தன் கையால் பாதம் கழுவினார். ஆண்கள் அழுதார்கள். பிறகு துண்டை என் அப்பாவிடம் நீட்டி அம்மா உட்கார்ந்திருந்த பக்கம் காட்டினார். அப்பா எழவில்லை. யாருமே எழவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது அம்மா சொன்னது: "அவரு கழுவ வேணாம். அந்தக் காலால உதைக்காம இருந்தா போதும்."

தங்கள் பாதம் கழுவப்பட்டபோது அழுத அந்த ஆண்கள் பொய்யாக அழவில்லை. தலைமுறை தலைமுறையாக மறுக்கப்பட்ட மரியாதை அது. வாங்கிய மரியாதையைக் கைமாற்றித் தர அவர்களுக்குத் தெரியவில்லை. 'ஆம்பளை' என்ற சொல் குறுக்கே நின்றது.

எனவே தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் சில வேலைகளை முன்வைக்கிறேன். முதலில், உங்கள் ஊரில் ஆண்கள் சங்கமோ இளையோர் குழுவோ கூடினால் வாத்தியாரின் இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேளுங்கள். ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் கேட்காதீர்கள். ஊரின் 'டேய்'யை மட்டும் பேசினால் வீடு தப்பித்துக்கொள்கிறது. வீட்டு அடியை மட்டும் பேசினால் சாதி தப்பித்துக்கொள்கிறது.

அடுத்து, ஆண்கள் பேசியதைக் கேட்கப் பெண்கள் அந்த அறையில் இருக்கட்டும், பதில் சொல்லவும் செய்யட்டும். தென்னிந்தியத் திருச்சபைக்கு 2013இல் புஷ்பலலிதா முதல் பெண் பேராயரானார். நம் தெருக் கமிட்டியில் ஒரு பெண் உறுப்பினருக்கு இன்னும் ஏன் யோசிக்கிறோம்?

கடைசியாக, திருச்சபையிடம் உரிமை கேட்கும் மனுக்களை மாற்றி எழுதுவோம். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில், 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்று ஒப்புக்கொண்டு, சாதிப் பாகுபாட்டைப் பாவம் என்றே சொன்னது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தேரும் கல்லறையும் கேட்போம், கூடவே பெண்களுக்குரிய இடத்தையும் அதே மனுவில், அதே பத்தியில் கேட்போம். பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்தது எதுவும் இதுவரை வந்ததில்லை.

இந்த ஆண்டு பெரிய வியாழன் வரும். சட்டியும் துண்டும் நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. குருவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.